பாதரசம் சொல்லாதது

"ஜுரமே இல்லையே, ஸார்!" என்று தர்மாமீட்டரைப் பார்த்துச் சொன்னார் ஒரு டாக்டர். நானோ கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். பாதரசத்தின் வார்த்தைக்கு முன்னால் மனிதனுடைய வார்த்தை எடுபடுவதில்லை.

1955 ஜூலையில் தொடங்கி, லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ் முதலாக 292 ஊழியர்கள் நோயில் விழுந்தார்கள். அக்டோபர் வரை ஆஸ்பத்திரியையே மூடவேண்டி வந்தது. தலைவலி, தசைவலி, சொல்லி மாளாத அசதி. ஜுரம் மட்டும் சொற்பம். பலர் தேறினார்கள். சிலரை அந்த அசதி வருஷக்கணக்கில் விடவில்லை.

1970-ல் மக்கீவடி, பியர்ட் என்ற இரு மனோவைத்தியர்கள் பழைய கேஸ் காகிதங்களைப் புரட்டி, 'இது கூட்டத்தோடு வந்த ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். அவஸ்தைக்குத் தக்க ஜுரம் இல்லை. விழுந்தவர்களில் பெண்களே அதிகம். இவைதாம் அவர்கள் கட்சிக்குப் பலம். நோயாளி ஒருவரையும் அவர்கள் நேரில் சோதிக்கவில்லை!

படுக்கையருகே நின்று பார்த்தவர், அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் மெல்வின் ராம்ஸே. கைகால் சில்லிட்டுப் போவது, சீதோஷ்ணம் மாறினால் உடம்பு தாங்காதது, நோயாளி 'முடியவில்லை' என்று சொல்வதற்கு இருபது முப்பது நிமிஷம் முன்பே முகம் சாம்பல் நிறமாக வெளுத்துவிடுவது — இவற்றையெல்லாம் குறித்துவைத்தார். அந்தச் சாம்பலை யாரால் நடிக்க முடியும்? நாடகக்காரன்கூட மாவு பூசியாக வேண்டும்.

ராம்ஸே 1990-ல் காலமானார். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி, திடீர்க் குளிரையும் வியர்வையையும் இந்நோயின் குறிகளோடு சேர்த்து எழுதியது 2021-ல். இருபது வயதில் படுத்த நர்ஸ் ஒருத்தி உயிரோடிருந்தால், அப்போது அவளுக்கு 86.