பருத்த இடையும் அரைக்கத்தியும்: பெயர்களில் பதிந்த உடல் வரலாறு

0. முன்னுரை

படைக்கலங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அலகின் வடிவம், உலோகத்தின் தன்மை, பிடியின் வேலைப்பாடு ஆகியவற்றையே நோக்குகின்றன. அக்கருவி பகல் முழுவதும் ஒரு மனித உடலின்மேல் எவ்வாறு தங்கியிருந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஒருவன் கத்தியைக் கையில் எடுத்து ஆளும் நேரம் சிறிது. அதனைத் தாங்கிக்கொண்டு நடந்தும் அமர்ந்தும் குனிந்தும் திரியும் நேரமோ மிகப் பெரிது. ஆகவே, கத்தியின் வரலாற்றில் ஒரு பகுதி அதனைத் தாங்கிய இடையின் வரலாறேயாகும்.

மடக்கிப் பையில் இடக்கூடிய கத்திக்கு இச்சிக்கல் இல்லை. அலகு மடங்காத கத்தியை உறையிலிட்டு உடலின் ஏதேனும் ஓரிடத்தில் பொருத்தியே ஆதல் வேண்டும். அவ்விடம் எது என்பதனைப் போர்முறை, ஆடை, அமரும் வழக்கம், உடலின் பருமை ஆகிய நான்கும் சேர்ந்து முடிவு செய்தன. இவற்றுள் இறுதியாகக் கூறப்பெற்ற பருமை இதுகாறும் போதிய கவனம் பெறவில்லை. பருத்த உடலினர் அரையில் கத்தியை வருத்தமின்றித் தாங்குவதற்குப் பல்வேறு நாட்டு வழக்குகள் இடமளித்தவாற்றையும், அம்முறைகள் பெயர்களிலும் வினைச்சொற்களிலும் பதிந்துள்ளமையையும், அவற்றைத் தமிழில் பெயர்க்குங்கால் நேரும் இழப்பையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1. உடல் எழுப்பும் சிக்கல்

மெலிந்த உடலினன் இடைக்கச்சை கட்டும்போது அது இடுப்பெலும்பின்மேல் தங்கி நிற்கும். பருத்த உடலினனுக்கு இந்நிலை மாறுகின்றது. முன்புறத்தில் வயிறு கச்சையைக் கீழே தள்ள, கச்சை முன்னே தாழ்ந்தும் பின்னே உயர்ந்தும் சாய்கின்றது. இந்நிலையில் ஒரு கத்தியைப் பக்கவாட்டில் நேர்நிறுத்தமாகக் கட்டினால் இரண்டு துன்பங்கள் நேரும். ஒன்று, அமரும்போது உறையின் நுனி தொடையிலோ இருக்கையிலோ முட்டிப் பிடியை மேல்நோக்கித் தள்ள, அப்பிடி விலாவிலும் வயிற்றிலும் அழுந்தும். மற்றொன்று, கத்தியின் எடை ஒரு பக்கத்தே கச்சையை இழுக்க, அதனைத் தடுத்து நிறுத்த இடுப்பின் வளைவு உதவாது; கச்சையை மேன்மேலும் இறுக்கிக் கட்ட வேண்டியதாகும்.

இச்சிக்கலுக்கு ஐந்து வகையான தீர்வுகளைக் காணலாம். அவை, கச்சையை அகலமான துணியாக்குதல், பிடியைக் கச்சைக்குக் கீழே தாழ்த்துதல், கத்தியைக் கிடையாக வைத்தல், எடையைத் தோளுக்கு மாற்றுதல், கத்தியை முதுகுப்புறம் கொண்டு செல்லுதல் என்பனவாகும். இவை பருத்தவர்க்கென்றே தோன்றியவை என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் எவ்வகை உடலினரும் ஒரே வழக்கைப் பின்பற்ற இயன்றது இம்முறைகளின் நெகிழ்ச்சியினாலேயே எனலாம்.

2. தாங்கும் முறைகள்

2.1 துணிக்கச்சையில் செருகல்

முகலாயர் கால ஓவியங்களில் அரசரும் பெருமக்களும் பட்கா எனப்படும் நீண்ட துணியை இடையில் பலமுறை சுற்றி, அதன் மடிப்பில் கட்டாரியையோ குத்துவாளையோ சாய்வாகச் செருகியிருக்கக் காண்கிறோம். தோல்வாரைப் போல ஒரே கோட்டில் அழுத்தாது, துணி எடையைப் பரப்பி ஏற்கின்றது. வயிற்றின் வடிவிற்கேற்ப அது தானே வளைந்துகொள்கின்றது. கத்தியைச் சாய்த்துச் செருகுவதனால் பிடி வயிற்றுக்கு நேராக நில்லாமல் ஒருபுறம் ஒதுங்குகின்றது.

ஜப்பானிய ஆடவர் ஓபி என்னும் கச்சையை வயிற்றுக்குக் கீழே, இடுப்பின் தாழ்ந்த பகுதியில் கட்டுவர். வயிறு பருத்திருப்பினும் கச்சை அதற்கு அடியில் நிலையாகத் தங்குகின்றது. அதில் செருகும் வாளும் அந்நிலையைப் பற்றிக்கொள்கின்றது.

2.2 தாழத் தொங்கவிடல்

ஃபின்லாந்து நாட்டு மக்களின் அன்றாடக் கருவியாகிய பூக்கோ என்னும் கத்தி, கச்சையிலிருந்து ஒரு வளையத்தாலோ வாராலோ தொங்கும் உறையில் இடப்படுகின்றது. பிடி கச்சைக்குக் கீழே நிற்பதனால் அமரும்போது உறை தானே அசைந்து விலகுகின்றது, உடலைக் குத்துவதில்லை.

இம்முறைக்கு வரலாற்றில் நன்கறிந்த சான்று இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் உருவப்படமாகும். 1537ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஹோல்பைன் தீட்டிய ஒயிட்ஹால் அரண்மனைச் சுவரோவியம் 1698ஆம் ஆண்டுத் தீயில் அழிந்துபோயினும் அதன் படிகள் எஞ்சியுள்ளன. அவற்றில் அகன்ற தோளும் பருத்த உடலும் உடைய மன்னரின் குத்துவாள் கயிற்றில் கட்டப்பெற்று இடைக்குக் கீழே தொங்குகின்றது. 1540ஆம் ஆண்டையொட்டி அவருக்குச் செய்யப்பெற்ற கவசத்தின் இடைச்சுற்று ஏறத்தாழ 130 செ.மீ. ஆகும். இவ்வளவு பெரிய இடையின்மேல் நேராகச் செருகிய குத்துவாள் எங்ஙனம் அமைந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பின், கயிற்றின் பயன் விளங்கும். அக்காலத்து ஆடை வழக்கு அது என்பதும் உண்மையே. வழக்கும் வசதியும் ஈண்டு ஒன்றுபட்டன.

2.3 கிடையாகக் கட்டல்

சாக்சன் இனத்தார் தம் பெயரையே சீக்ஸ் என்னும் ஒருமுனைக் கத்தியினின்று பெற்றனர் என்பது மொழிநூலார் பலரும் ஏற்ற கருத்தாகும். வட யார்க்ஷயரில் உள்ள மிடில்டன் ஊர்த் தேவாலயத்துக் கற்சிலுவையில் ஒரு வீரனின் இடையில் பெரிய கத்தி கிடையாக அமைந்திருப்பது செதுக்கப்பட்டுள்ளது. கிடையாக அமைந்த கத்தியின் நுனி தொடையில் முட்டுவதில்லை. நேராக நின்ற நிலையில் வயிற்றின் கீழ்விளிம்பை ஒட்டி அது தங்கும். ஆயினும் முன்புறம் மிகக் குனிவோர்க்கு இம்முறை அத்துணை ஏற்றதன்று.

2.4 தோளில் ஏற்றல்

சீக்கியர் அணியும் கிர்பான், காத்ரா எனப்படும் வாரில் கோக்கப்பெற்று வலத்தோளிலிருந்து இடப்புற இடைக்கு வருகின்றது. எடை முழுதும் தோளில் தங்குவதனால் இடையில் எதனையும் இறுக்க வேண்டியதில்லை. நாள் முழுதும் நீங்காது அணிய வேண்டிய சமயக் கடமைக்கு இம்முறை மிக இசைந்ததாகும். மெலிந்தவரும் பருத்தவரும் வாரின் நீளத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

3. குடகர் வழக்கு: முன்னும் பின்னும்

கர்நாடக மாநிலத்துக் குடகுப் பகுதியில் கொடவ இனத்தார் இரண்டு கத்திகளை இருவேறு முறைகளில் தாங்குவது இவ்வாய்வுக்குச் சிறந்த களமாக அமைகின்றது. குப்யா எனப்படும் முழங்கால் அளவான கறுப்பு அங்கியின்மேல் சேலெ என்னும் செம்பட்டுக் கச்சையை அவர்கள் கட்டுகின்றனர். அக்கச்சையின் முன்புறம் வலப்பக்கத்தே பீச்சேகத்தி செருகப்படுகின்றது. வெள்ளி வேலைப்பாடும் சங்கிலிகளும் கொண்ட உறையுடன் கூடிய இது சிறியது. இன்று பெரிதும் அணிகலனாகவே விளங்குகின்றது.

மற்றொன்று ஒடிகத்தி. அகன்ற, கனத்த, உட்புறமாக வளைந்த அலகினை உடையது. இதற்கு உறையில்லை. கச்சையின் பின்புறத்தே பொருத்தப்பெற்ற தொடங் என்னும் பித்தளைப் பற்றியில் திறந்த அலகுடனேயே இது மாட்டப்படுகின்றது. கை பின்னே சென்று பிடியைப் பற்றி எடுத்தற்கு ஏற்றவாறு அது அமைந்துள்ளது.

இவ்விரட்டை முறையின் நுட்பம் நோக்கத்தக்கது. சிறிய கத்தி மென்மையான பட்டில், வயிற்றின் ஓரத்தே இடம் பெறுகின்றது. பெரிய கத்தி முதுகின் கீழ்ப்பகுதிக்குச் செல்கின்றது. பருமை முன்புறத்தே மிகுதியாகத் திரள்வது. பின்னரையின் பள்ளம் பருத்தவரிடத்தும் ஓரளவு எஞ்சியிருப்பது. ஆகவே எத்துணைப் பருத்தவராயினும் குனிதற்கும் சரிவில் ஏறுதற்கும் கனத்த கத்தி தடையாவதில்லை. காடும் மலையும் சூழ்ந்த நாட்டில் புதரை வெட்டி வழி அமைக்கும் கருவியாகவும் ஒடிகத்தி பயன்பட்டமையின் இவ்வசதி இன்றியமையாததாயிற்று. சாய்மானமுள்ள இருக்கையில் அமர்வதற்கு மட்டுமே இது பொருந்தாது. அன்றாட வாழ்வில் அத்தகைய இருக்கைகள் பெருகப் பெருக ஒடிகத்தி மணவிழாவில் வாழைத்தண்டு வெட்டும் சடங்கிற்கும், படைக்கலங்களை வழிபடும் கயில்போள்து விழாவிற்கும் உரியதாகச் சுருங்கியது வியப்பன்று.

தமிழகத்துப் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை இடையில் கட்டிய அரிவாட்பெட்டியில் வைத்து ஏறுவதும் இங்கு ஒப்பிடத்தக்கது. முன்னுடல் மரத்தோடு ஒட்டி உராயும் தொழிலில் கூரிய கருவிக்கு முன்புறத்தே இடமில்லை. பனையேறிக்கு மரம் செய்வதனைப் பருத்தவர்க்கு வயிறு செய்கின்றது எனலாம்.

4. பெயரில் பதிந்த இடம்

கத்திகளின் பெயர்களை ஆராயின் அவை இருவகைப்படுகின்றன. வடிவால் பெற்ற பெயர்கள் ஒருவகை. தேளின் கொடுக்கினை ஒத்தமையால் இந்தியில் பிச்சுவா எனப்பட்டது இதற்குச் சான்று. உடலில் தங்கும் இடத்தால் பெற்ற பெயர்கள் மற்றொரு வகை. தமிழில் உடைவாள் என்பது உடையோடு சேர்த்துத் தாங்கப்படுவது. ஜப்பானிய மொழியில் வாக்கிசாஷி என்பதற்குப் பக்கத்தில் செருகப்படுவது என்பதே பொருள். ஸ்காத்லாந்தின் கேலிக் மொழியில் ஸ்கியன் அக்லிஷ் என்பது அக்குள் கத்தியாகும். பாரசீகப் பேஷ்கப்ஸ் என்னும் பெயரில் ‘முன்’ என்னும் பொருளுடைய சொல் முதனிலையாக நிற்கின்றது.

இடம் மாறியும் பெயர் மாறாமல் நிற்பதும் உண்டு. ஏமன் நாட்டு ஜம்பியா என்னும் பெயர் பக்கம் என்று பொருள்படும் ஜன்பு என்னும் அரபுச் சொல்லினின்று பிறந்தது. ஆனால் அந்நாட்டு ஆடவர் அதனை அகன்ற கச்சையில் வயிற்றின் நடுவிலேயே அணிகின்றனர். உறையின் அடிப்பகுதி மேல்நோக்கி வளைந்திருப்பதனால், சப்பணமிட்டு அமரும்போது அது தொடையிடையே நேராக இறங்கிக் குத்துவதில்லை. பெயர் பழைய இடத்தைச் சொல்ல, உடல் புதிய இடத்தைக் காட்டுகின்றது. சொற்பிறப்பை மட்டும் கொண்டு பொருளை வரையறுப்போர் இங்கு வழுவுதல் கூடும்.

வினைச்சொற்களிலும் இவ்வேறுபாடு உண்டு. ஜப்பானிய மொழியில் வாளைத் தொங்கவிட்டு அணிதலை ஹக்கு என்றும், கச்சையில் செருகுதலை ஸசு என்றும் வேறுபடுத்துவர். எந்த வினை வருகின்றதோ அதனைக் கொண்டே வாளின் வகையையும் அணிந்த முறையையும் கற்றோர் உணர்வர்.

5. மொழிபெயர்ப்பாளர் நோக்கு

மேற்கூறிய அனைத்தையும் தமிழில் ‘இடையில் கத்தியைச் செருகியிருந்தான்’ என்னும் ஒரே தொடரால் பெயர்ப்பது பெருவழக்காக உள்ளது. பீச்சேகத்திக்கு இத்தொடர் பொருந்தும். ஒடிகத்திக்கு இதனை ஆண்டால், உறையற்ற அகன்ற அலகொன்றைப் பட்டுக்கச்சையில் நுழைத்த பொருந்தாக் காட்சியே படிப்போர் மனத்தில் எழும். கிர்பானுக்கு இதனை ஆண்டால் தோள்வார் மறைந்து போகும்.

இது இலக்கிய நயத்தோடு நின்றுவிடும் சிக்கலன்று. 1962ஆம் ஆண்டு இந்தியப் படைக்கல விதிகள், வீட்டுப் பயன்பாட்டிற்கும் வேளாண்மைக்கும் உரியன அல்லாத கத்திகளை 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்னும் அளவுகளால் வரையறுத்தன. உடலில் தங்கும் இடத்தை அவை கணக்கில் கொள்ளவில்லை. ஆனால் சாட்சியின் சொல்லில் இடம் முதன்மை பெறுகின்றது. ‘செருகியிருந்தான்’ என்பது தமிழ் வழக்கில் மறைத்து வைத்தமையையும் குறிப்பாக உணர்த்தும். ‘பின்னரையில் மாட்டியிருந்தான்’ என்பது யாவரும் காணுமாறு தாங்கியமையை உணர்த்தும். ஒரு வினையின் மாற்றத்தால் விழாவிற்குச் சென்றவன் குற்றம் கருதிச் சென்றவனாகத் தோன்றுதல் கூடும்.

தமிழில் இவ்வேறுபாடுகளை உணர்த்தும் சொற்களுக்குக் குறைவில்லை. துணிமடிப்பில் வைப்பதற்குச் செருகுதல், வாரிலோ கயிற்றிலோ தாழ விடுவதற்குத் தூக்குதல் அல்லது தொங்கவிடுதல், பற்றியில் பொருத்துவதற்கு மாட்டுதல், தோள்வாருடன் அணிவதற்குப் பூணுதல் என வரையறுத்து ஆளலாம். கச்சையைக் குறிக்கவும் துணியாயின் கச்சை, தோலாயின் இடைவார் எனப் பிரித்தல் நன்று. கொடவ மொழியின் தொடங் என்பதனை அவ்வாறே ஆண்டு, முதன்முறை வருமிடத்துப் ‘பின்னரைப் பற்றி’ என விளக்கம் தரலாம். கட்டுதல் என்னும் பொருளில் தமிழில் வழங்கும் ‘தொடக்கு’ என்னும் சொல்லும் படிப்போர்க்குத் துணைபுரியும்.

6. முடிவுரை

கொடவ மொழியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 1,66,187 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 1,13,857 பேர். ஒரு மொழி சுருங்குங்கால் விழாக்களின் பெயர்கள் நெடுநாள் எஞ்சுகின்றன. பற்றி, வளையம், வார், மடிப்பு போன்ற சிறு பொருள்களின் பெயர்களே முதலில் உதிர்கின்றன. அருங்காட்சியகத்தில் ஒடிகத்தி கண்ணாடிப் பேழைக்குள் இருக்கலாம். அதனைத் தாங்கிய தொடங் அருகில் இல்லையெனின், அக்கத்தி ஒரு மனிதனின் முதுகில் எவ்வாறு துன்பமின்றித் தங்கியது என்பதனைப் பின்வருவோர் அறிய வழியில்லை.

ஆகவே, படைக்கலப் பெயர்களைத் தொகுக்கும் அகராதியாளர் கருவியின் பெயரோடு அதனைத் தாங்கும் உறுப்பின் பெயரையும், உடலில் தங்கும் இடத்தையும், அதற்குரிய வினையையும் சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும். களப்பணியில் தகவலாளியை நிற்கச் செய்து மட்டும் வினவாது, அமரவும் குனியவும் செய்து வினவுதல் நன்று. மெலிந்தவரையும் பருத்தவரையும் வேறுவேறாக வினவின், ஒரே கத்திக்கு இரண்டு இடங்களும் அவற்றுக்கு இரண்டு சொற்களும் கிடைத்தல் கூடும்.