ஸ்ட்ராட்டஜி கேம் ஆட 4கே ஸ்கிரீன், கேமிங் லேப்டாப் தேவையா? தவணை போடும் முன் இதைப் படிங்க!

லேப்டாப் கடையில் போய் 'கேம் ஆடணும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனி கிராபிக்ஸ் கார்டு, 4கே ஸ்கிரீன், மாதத் தவணை என்று பேச்சு போய்விடும். கெடாரில் இருந்து விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏறி கல்லூரிக்குப் போகும் மாணவரின் வீட்டில், அந்தத் தவணை சின்ன விஷயம் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் என்றாலே விலை பெரும்பாலும் அரை லட்சத்தைத் தாண்டும்.

ஓடிச் சுடும் கேம் வேறு. படை திரட்டி, ஊர் கட்டி, யோசித்து நகர்த்தும் ஸ்ட்ராட்டஜி கேம் வேறு. இந்த இரண்டாவது வகைக்கு உண்மையில் என்ன தேவை? பார்க்கலாம்.

ஸ்ட்ராட்டஜி கேம் என்றால் என்ன?

நம்ம ஊர் ஆடுபுலி ஆட்டம்தான் எளிய உதாரணம். 3 புலி, 15 ஆடு, தரையில் கிழித்த கோடு. கோட்டைச் சுண்ணாம்பில் போட்டாலும் பளிங்குக் கல்லில் செதுக்கினாலும் ஆட்டம் மாறாது. கம்ப்யூட்டரில் வரும் ஸ்ட்ராட்டஜி கேமும் அடிப்படையில் இப்படித்தான். ஆனால் அங்கே காய்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், எதிராளியாக கம்ப்யூட்டரே யோசிக்கும். ஹார்டுவேர் தேவை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குறைந்த ரெசல்யூஷனில் நல்ல ஆட்டம் ஆட முடியுமா?

தாராளமாக. 1998-ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் கேமின் ரெசல்யூஷன் வெறும் 640 x 480. இன்றைய ஃபுல் ஹெச்டி ஸ்கிரீனில் (1920 x 1080) அதைவிட ஆறு மடங்குக்கு மேல் அதிகமான பிக்சல்கள் உள்ளன. அந்தச் சின்னப் படத்தை வைத்துக்கொண்டே தென்கொரியாவில் பத்தாண்டுக்கு மேல் தொழில்முறைப் போட்டிகள் நடந்தன. அவற்றை ஒளிபரப்ப தனி டிவி சேனலே இருந்தது.

அப்போ ரெசல்யூஷனால் பயனே இல்லையா?

இருக்கிறது, ஒரு எல்லை வரை. 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ 800 x 600-ல் ஆடலாம், 1280 x 1024-லும் ஆடலாம். இரண்டாவதில் சுமார் 2.7 மடங்கு பிக்சல்கள். அந்தக் கால 2டி கேமில் இதற்கு அர்த்தம், அதே அளவுக்கு அதிகமான வரைபடம் ஒரே பார்வையில் தெரியும் என்பதுதான். எதிரிப் படை வருவதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். இது அழகு மட்டும் இல்லை, ஆட்டத்தில் கிடைக்கும் சாதகம்.

இப்போதைய கேம்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. எவ்வளவு வரைபடம் தெரிய வேண்டும் என்பதை கேமின் ஜூம்தான் தீர்மானிக்கிறது. ஃபுல் ஹெச்டியில் இருந்து 4கே போனால் பிக்சல்கள் நான்கு மடங்கு ஆகும். கிராபிக்ஸ் சிப்பின் வேலையும் கூடும். படம் கூர்மையாகும், ஆனால் கூடுதலாகப் புதிய தகவல் பெரிதாகக் கிடைக்காது. 14 இன்ச் லேப்டாப்பில் எழுத்துகள் பொடிசாகிவிடும் சிக்கலும் உண்டு. எழுத்தும் எண்ணும் நிறைந்த இந்த கேம்களில், எழுத்தைப் பெரிதாக்கும் செட்டிங் இருக்கிறதா என்பதே முக்கியம்.

ஹார்டுவேர் உண்மையில் எங்கே உதவுகிறது?

பிராசஸரில். ஒவ்வொரு வீரனும் எந்த வழியில் போக வேண்டும், எதிராளி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் போடுவது அதுதான். 2007-ல் வந்த சுப்ரீம் கமாண்டர் நல்ல உதாரணம். ஒரே ஒரு வாகனத்தில் இருந்து முழுப் போர்க்களம் வரை ஜூம் அவுட் செய்யலாம். இரண்டாவது மானிட்டரில் வரைபடத்தை வைத்துக்கொள்ளலாம். அன்றைய பல கம்ப்யூட்டர்கள் அதில் திணறின. ஆனால் அந்தக் கூடுதல் தேவை ஆட்டத்தையே பெரிதாக்கியது.

ஆன்லைன் ஆட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி கேம்களில் ஆயிரம் வீரர்களின் நிலவரம் இன்டர்நெட்டில் போவதில்லை. நீங்கள் கொடுக்கும் கட்டளை மட்டுமே போகும். ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் முழு ஆட்டத்தையும் தனித்தனியாகக் கணக்கிடும். அதனால் ஒருவரின் கம்ப்யூட்டர் திணறினால் எல்லோர் ஆட்டமும் மெதுவாகும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிடிவ் எடிஷனில் தரவரிசைப் போட்டிக்குள் நுழையும் முன் வேகச் சோதனை வைப்பது இதனால்தான்.

சோழர் வரும் கேம்களுக்கு என்ன தேவை?

*ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிடிவ் எடிஷன் (2019):* குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 30 ஜிபி இடம். 4கே படங்கள் தனி இலவசத் தொகுப்பு. விருப்பம் இருந்தால் மட்டும் இறக்கிக்கொள்ளலாம். 2022-ல் தனிக் கட்டணத்தில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பில் ராஜேந்திர சோழனின் கதை இருக்கிறது.

*சிவிலைசேஷன் 7 (2025):* சோழரை நீங்களே ஆளலாம். ஆனால் குறைந்தபட்சமே 8 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 1050 அளவிலான கிராபிக்ஸ் கார்டும் கேட்கிறது. 4கே தரத்துக்கு 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4070. இரண்டிலும் விதிகள் ஒன்றே, ஆட்டமும் ஒன்றே.

வித்தியாசம் புரிகிறதா? முதல் கேம் 4கே-வை விருப்பமாக வைத்தது. இரண்டாவது, ஒருவர் மாற்றி ஒருவர் நகர்த்தும் கேமாக இருந்தும், வாசலிலேயே கிராபிக்ஸ் கார்டு கேட்கிறது. சாதாரண லேப்டாப் வைத்திருப்பவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அரசு லேப்டாப்பில் ஓடுமா?

தமிழக அரசு 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு இது போதும். 2021-ல் வந்த நான்காம் பாகமும் தனி கார்டு இல்லாத லேப்டாப்புக்கென்றே குறைந்தபட்ச அமைப்பை வைத்திருக்கிறது. ஆனால் அது 50 ஜிபி இடம் பிடிக்கும். படிப்புக்கான ஃபைல்களுக்கு இடம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* ஸ்ட்ராட்டஜி கேம்தான் முக்கியம் என்றால், செலவை முதலில் பிராசஸர், ரேம் பக்கம் திருப்புங்கள். ஸ்கிரீன் ஃபுல் ஹெச்டி போதும்.
* கேம் பக்கத்தில் 'குறைந்தபட்சம்', 'பரிந்துரை' என இரண்டு பட்டியல் இருக்கும். இரண்டையும் படியுங்கள்.
* கேம் திணறினால் முதலில் நிழல், தண்ணீர் பிரதிபலிப்பு போன்ற செட்டிங்குகளைக் குறையுங்கள். ஆட்டம் மாறாது.
* ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஓடுகிறதா என்று சோதிக்க இது போதும்.

ஆக, இந்த கேம்களுக்காக மட்டும் 4கே லேப்டாப்புக்குத் தவணை போட வேண்டிய அவசியம் இல்லை. கையில் இருக்கும் லேப்டாப்பில் முதலில் ஒரு கேமை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள்.