அரங்கேற்றமும் திறந்த மேடையும்

ஏட்டில் எழுதி முடித்த அளவில் நூல் நிறைவு பெறுவதில்லை. அவையோர் கேட்டு ஏற்ற பின்னரே அது நூலாகும் என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது எனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறும். கம்பரின் காப்பியம் திருவரங்கத்திலும், கச்சியப்பரின் கந்தபுராணம் காஞ்சிக் குமரகோட்டத்திலும் அரங்கேறின என்பது வழிவழிச் செய்தி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களை இயற்றி அரங்கேற்றிய நிகழ்ச்சிகளை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரத்தில்' விரிவாக எழுதியுள்ளார்.

இவ்வரங்கில் கேட்போர் தடை எழுப்பலாம். பாடியவர் விடை கூற வேண்டும். வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் வகுத்ததும் இத்தகைய அவையின் வலிமை உணர்ந்தே எனலாம். எனினும் அவ்வவையின் வாயில் குறுகியது. வேந்தன், கோயில், மடம், புரவலர் என யாரேனும் ஒருவர் துணையின்றி அரங்கு வாய்ப்பது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் கவியரங்கம் அவ்வாயிலை ஓரளவு அகலப்படுத்தியது. தலைமைக் கவிஞர் ஒருவர், பொதுத் தலைப்பு ஒன்று, வரிசையாகப் பாடும் கவிஞர்கள் என்பது அதன் அமைப்பு. வானொலியும் மாநாட்டுப் பந்தல்களும் கவிதையைப் பல்லாயிரவர் செவிக்குக் கொண்டு சென்றன. கேட்போர் தொகை பெருகியது. பாடுவோர் தொகையோ அழைப்பிதழில் அச்சான பெயர்களோடு நின்றது. அழைப்பிதழில் பெயர் இல்லாதவர் எங்கே சென்று பாடுவது?

இவ்வினாவிற்கு அமெரிக்க நகரங்கள் கண்ட விடை நோக்கத்தக்கது. நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ மக்களின் கவிஞர்கள் ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்து எழுதினர். அவர்களுக்கு இதழ்களும் பல்கலைக்கழகங்களும் எளிதில் இடந்தரவில்லை. 1973 அளவில் பேராசிரியர் மிகேல் அல்கரீன் இல்லத்துக் கூடத்தில் அவர்கள் கூடிப் படிக்கத் தொடங்கினர். கூட்டம் பெருகவே வாடகைக்கு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. 'நியூயோரிக்கன் கவிஞர்கள் கஃபே' பிறந்த வரலாறு இதுவே. வாயில் மூடப்பட்டவர்கள் தமக்கென ஒரு கூடத்தை அமைத்துக் கொண்டனர் என்பதே இதன் சாரம்.

சிகாகோவில் கட்டுமானத் தொழில் செய்துவந்த கவிஞர் மார்க் ஸ்மித், 1986 ஜூலையில் 'கிரீன் மில்' என்னும் ஜாஸ் இசைக்கூடத்தில் ஞாயிறு இரவுகளில் கவிதை நிகழ்ச்சியைத் தொடங்கினார். அது மூன்று பகுதிகளாக அமைந்தது. முதலில் திறந்த மேடை. பெயர் கொடுத்த எவரும் படிக்கலாம். அடுத்து, அழைக்கப்பெற்ற கவிஞர் ஒருவர். இறுதியில் போட்டி. அவையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்றவர்களே நடுவர்கள். அவர்கள் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண் இடுவர். பிடிக்காத கவிதைக்குக் கேட்போர் காலால் தரையைத் தட்டி ஓசை எழுப்புவர். இவ்வழக்கம் பிற நகரங்களுக்கும் பரவ, 1990இல் சான்பிரான்சிஸ்கோவில் நாடு தழுவிய முதற்போட்டி நடைபெற்றது.

இம்முறைக்கு எதிர்ப்பும் எழாமலில்லை. திறனாய்வாளர் ஹெரால்டு புளூம் 2000இல் இதனைக் கலைக்கே கேடு என்னும் பொருள்படக் கடுமையாகச் சாடினார். அவரது அச்சம் முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. உடனடிக் கைதட்டலை நாடும் அரங்கில் உரத்த குரல் வெல்லும். இருமுறை படித்துணர வேண்டிய அமைதியான கவிதை தோற்கும். ஆனால் இக்குறைக்கு மருந்து வாயிலை மீண்டும் அடைப்பதன்று. முதன்முறை மேடையேறுபவர் நடுங்கும் கையில் பிடித்த தாளில் இருப்பது நல்ல கவிதையா என்பது, அவர் படித்த பின்னரே தெரியும்.

பழைய அவை செவியைக் கூர்மையாக வைத்திருந்தது, வாயிலைக் குறுக்கியது. புதிய மேடை வாயிலைத் திறந்தது, செவியை அவசரப்படுத்தியது. இலக்கிய வட்டம் ஒன்றின் கடமை இவ்விரண்டின் நலன்களையும் இணைப்பதேயாகும். பெயர் கொடுத்தவர் எவராயினும் அவருக்குச் சில மணித்துளிகள் தருதல். தன் கவிதையைப் படித்து முடித்ததும் எழுந்து போகாமல் பிறர் கவிதையையும் இருந்து கேட்டல். படித்தவர் முகம் வாடாதவாறு குறையை எடுத்துச் சொல்லல். இம்மூன்றும் உள்ள சிறு கூடம், பாண்டியன் அவைக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. பத்தாண்டுகள் நிலைத்த வட்டத்தின் பெருமை அங்கே முழங்கியவர்களின் புகழால் மட்டும் அளக்கப்படுவதில்லை. பெயரறியாத ஒருவர் அங்கே தம் முதற்கவிதையைப் படித்து, அடுத்த கூட்டத்திற்கும் வந்தாரா என்பதாலும் அளக்கப்படும்.