தபாலில் வந்த நாதம்

சரித்திரப் புத்தகங்களைவிடப் பழைய விலைப்பட்டியல்களில் எனக்கு ருசி அதிகம். ராஜா என்ன செய்தான் என்று சரித்திரம் சொல்லும். குடியானவன் எதற்கு ஆசைப்பட்டான், அதற்கு எவ்வளவு கொடுக்கத் துணிந்தான் என்பதை விலைப்பட்டியல்தான் சொல்லும்.

சிகாகோ நகரத்து ஸியர்ஸ் ரோபக் கம்பெனி 1890களிலிருந்து வெளியிட்டுவந்த பட்டியல் அப்படிப்பட்ட ஒரு மகத்தான கிரந்தம். தையல் யந்திரம், கடிகாரம், கலப்பை எல்லாம் அதில் உண்டு. அவற்றின் நடுவே கிதாரும் இருந்தது. மட்டமானதன் விலை சில டாலர்கள்தான்.

பியானோவுக்குப் பணமும் வேண்டும், இடமும் வேண்டும். கிதாரோ சுவரோரத்தில் சாய்ந்து கிடக்கும். பாடுகிறவனுக்கு அதுவே பக்கவாத்தியம். 1896-ல் அமெரிக்கக் கிராமத்து வீட்டு வாசலுக்கே தபால் வரும் ஏற்பாடு தொடங்கியது. 1913-ல் பார்சலும் வரலாயிற்று. தென் மாநிலங்களில் கடைக்குப் போன கறுப்பு மனிதன், வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வாங்கி முடிக்கிறவரை ஒதுங்கி நிற்கவேண்டும். தபால் பட்டியலோ வாங்குகிறவனின் நிறத்தைப் பார்க்கவில்லை. எல்லோரிடமும் ஒரே விலை கேட்டது. இது சின்ன விஷயமா?

இந்த மலிவுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. ஜெர்மனியிலிருந்து 1833-ல் குடியேறிய மார்ட்டின் என்ற கைவினைஞர் வழி வந்த உயர்ந்த கிதார்களில், மேற்பலகைக்கு அடியில் பெருக்கல் குறி போலச் சட்டங்கள் குறுக்கிட்டு ஓடும். பலகைக்கு வலுவும் கிடைக்கும், அதிரச் சுதந்திரமும் கிடைக்கும். ஆனால் அதைச் செய்ய நேரம் பிடிக்கும். மலிவுக் கிதார்களில் ஏணிப்படிகளைப் போலச் சில சட்டங்களை ஒட்டிவிட்டார்கள்; பர்ச் போன்ற மலிவான மரத்துக்குச் சாயம் பூசினார்கள். சிகாகோவில் 1892-ல் தொடங்கிய ஹார்மனி கம்பெனி இந்த வித்தையில் கைதேர்ந்தது. 1916-ல் ஸியர்ஸ் அதையே விலைக்கு வாங்கிவிட்டது.

அப்படிப்பட்ட மலிவுக் கிதாரில் ஒன்று மிஸிஸிப்பியில் பண்ணை வேலை செய்த ஒரு சிறுவனுக்குக் கிடைத்தது. விலை 15 டாலர். அவனுடைய ஒரு மாதச் சம்பளம். முதலாளி முன்பணம் கொடுத்து, இரண்டு மாதச் சம்பளத்தில் பாதி பாதியாகப் பிடித்துக்கொண்டார் என்று பின்னாளில் அவனே சொன்னான். அந்தச் சிறுவன்தான் பி. பி. கிங். ப்ளூஸ் சங்கீதத்தின் பெரிய வித்வானாகி, 2015-ல் காலமானார்.

மேபெல் கார்ட்டர் கதை இதற்கு அடுத்த படி. வர்ஜீனியா மலைப்பிரதேசத்துப் பெண். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் உறவினருடன் முதல் இசைத்தட்டுக்கு வாசித்தார். அதன் பிறகே, 1928-ல், 275 டாலர் கொடுத்துக் கிப்ஸன் எல்-5 என்ற உயர்ந்த கிதாரை வாங்கினார். புதுக் கிதார் அவருக்குப் புகழைத் தேடித் தரவில்லை. புகழ்தான் அந்தக் கிதாரைத் தேடித் தந்தது.

ஆனால் மலிவுச் சரக்கின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எஃகுத் தந்தியின் இழுவையில் தண்டி மெல்ல வளையும். தந்திகள் மெட்டுகளைவிட்டு மேலே எழும்பும். அழுத்துகிற பிஞ்சு விரல் ரத்தம் கட்டிப்போகும். ‘நமக்குச் சங்கீதம் வராது’ என்று பையன் வாத்தியத்தைப் பரணில் போட்டுவிடுவான். குற்றம் அவனுடையதல்ல, குதிரையில் இருக்கும் ஒரு துண்டு எலும்பின் உயரத்தில் இருக்கிறது! இப்படி எத்தனை வித்வான்களைப் பரண்கள் விழுங்கினவோ, எந்தப் பட்டியலிலும் அந்தக் கணக்கு இல்லை.

ஆகையால், குழந்தைக்குக் கிதார் வாங்கும் தகப்பனாருக்கு இந்தச் சரித்திரம் ஒரு வழி காட்டுகிறது. பளபளப்பைப் பார்க்காதீர்கள். தண்டி நேராக இருக்கிறதா, பிரடை ஸ்ருதியைப் பிடித்து நிற்கிறதா, ஒவ்வொரு மெட்டும் சுத்தமாகப் பேசுகிறதா என்று பாருங்கள். பன்னிரண்டாவது மெட்டில் தடித்த தந்திக்கு அடியில் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். வாத்தியத்தை உயர்த்த வேண்டுமானால் முதலில் தந்தியை மாற்றுங்கள். அடுத்து, தந்தி உட்காரும் பிளாஸ்டிக் துண்டை எடுத்துவிட்டு, எலும்புத் துண்டை அளவாகத் தேய்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். அதற்கும் பிறகு பிரடை. விரல் படுகிற இடத்தில் செலவழித்த பணம் வீணாவதில்லை. ஏணிச் சட்டத்தைப் பெருக்கல் சட்டமாக்கப் புறப்பட்டால் கூலியே கிதார் விலையைத் தாண்டிவிடும். அப்போது மேபெல் செய்ததுபோல் வேறு வாத்தியம் வாங்குவதே விவேகம்.

1966-ல் ஜப்பானின் யமஹா எஃப்.ஜி-180 என்ற கிதாரைக் கொண்டுவந்தது. ஒட்டுப்பலகைதான், ஆனால் வாசிக்கத் தகுந்ததாக இருந்தது. 1969-ல் உட்ஸ்டாக் சங்கீத விழாவில் கன்ட்ரி ஜோ மக்டொனால்ட் இரவல் வாங்கி வாசித்தது அதே வரிசையைச் சேர்ந்த 150 என்ற கிதார். தோளில் மாட்ட வார் இல்லை, கயிற்றைக் கட்டிக்கொண்டார். கேட்டவர்கள் பல லட்சம் பேர். கயிற்றைப் பற்றி அவர்களில் யார் கவலைப்பட்டார்கள்?

ஹார்மனி தொழிற்சாலை 1975-ல் மூடப்பட்டது. ஸியர்ஸ் தன் பெரிய பட்டியலை 1993-ல் நிறுத்திக்கொண்டது. நல்ல மரம் நல்ல நாதம் தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உலகத்துச் சங்கீதத்தில் ஒரு பெரும் பங்கு சாதாரண மரத்தில்தான் பிறந்தது. அது பரணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.