முதல் குழந்தையைவிட இரண்டாவது ஏன் கொஞ்சம் ‘வெயிட்’டா பிறக்குது?

பூச்சோங்கோ கிள்ளானோ, கர்ப்பப் பரிசோதனைக்கு அரசாங்க கிளினிக்குக்குப் போனால் மிஸ்ஸி கட்டாயம் கேட்பார்: “இது எத்தனையாவது பிள்ளை?” பதில் உங்கள் பிங்க் புத்தகத்தில் ‘ஜி2 பி1’ என்பதுபோல் பதிவாகும். ஜி என்றால் எத்தனையாவது கர்ப்பம். பி என்றால் இதுவரை எத்தனை பிரசவம். கருச்சிதைவு இருந்தால், அது ‘+’ போட்டுத் தனியாக எழுதப்படும்.

எவ்வளவு வித்தியாசம்?

ஒரே தாய்க்குப் பிறந்தாலும், தலைப்பிள்ளையைவிட அடுத்த பிள்ளை சராசரியாக 100 முதல் 200 கிராம் வரை கூடுதல் எடையோடு பிறக்கிறது. பெரிய தாவல் முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில்தான். அதற்குப் பிறகு வித்தியாசம் குறைந்துவிடும்.

காரணம் என்ன?

முதல் கர்ப்பத்தில், நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகும் கருப்பை ரத்தக்குழாய்கள் புதிதாக விரிவடைய வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் அந்த மாற்றம் முழுசா மறைவதில்லை. அதனால் அடுத்த முறை ரத்த ஓட்டம் சுலபமாகிறது என்பதே மருத்துவர்கள் சொல்லும் முக்கிய விளக்கம். கர்ப்பகால உயர் ரத்த அழுத்தச் சிக்கலான ப்ரீஎக்லம்ப்சியா முதல் கர்ப்பத்தில் அதிகம் வருவதும் இதோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது.

அப்போ எதைக் கவனிக்கணும்?

• 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால்தான் ‘குறைந்த எடை’ என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முதல் பிள்ளை 2.7 கிலோ என்றால், “அம்மா சரியா சாப்பிடல” என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு நீங்கள் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம்.

• இரண்டாவது குழந்தை 4 கிலோவைத் தாண்டினால், “ரெண்டாவதுதானே” என்று விட்டுவிடக் கூடாது. கர்ப்பகால நீரிழிவு காரணமாக இருக்கலாம். இந்தியப் பெண்களுக்கு அந்த ஆபத்து அதிகம். சீனித் தண்ணீர் குடித்துச் செய்யும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

• இரண்டாவது குழந்தை முதலாவதைவிடத் தெளிவாகச் சிறியதாக வளர்ந்தால், டாக்டரிடம் காரணம் கேளுங்கள். வழக்கத்துக்கு மாறானது அதுதான்.

• ஐந்து அல்லது அதற்கு மேல் பிரசவித்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஆபத்து உண்டு. அவர்களுக்கு மருத்துவமனைப் பிரசவமே பாதுகாப்பு.

தாயின் உயரம், எடை, புகைப்பழக்கம், பிரசவ வாரம் எல்லாமே எடையை மாற்றும். அதனால் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். முதல் குழந்தையின் பிறப்பு எடையைக் குறித்து வைத்து, அடுத்த பரிசோதனையில் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.