விடு (துணைவினை)

ஆங்கிலத்தில் 'கிவ்' என்ற வினையோடு 'அப்' சேர்ந்ததும் பொருளே மாறிவிடும். இந்த வேலையைத் தமிழில் பெரும்பாலும் வினையெச்சத்தை அடுத்து வரும் துணைவினைகள் செய்கின்றன. அவற்றுள் பேச்சில் ஓயாமல் புழங்குவது 'விடு'.

புதுச்சேரியை அடுத்த கரிக்கலாம்பாக்கத்து வயலோரத்தில் "தண்ணி வுட்டாச்சா?" என்று கேட்டால், "வுட்டுட்டேன்" என்று பதில் வரும். அந்த ஒரே சொல்லில் 'விடு' இரண்டு முறை நிற்கிறது. முன்னது மடை திறக்கும் செயல். பின்னது, அது முடிந்தது என்ற உறுதி. 'வந்துவிட்டான்' பேச்சில் 'வந்துட்டான்' ஆகிறது. 'வந்துவிடுவான்' புதுச்சேரி வட்டாரத்தில் 'வந்துடுவான்', தென்மாவட்டங்களில் 'வந்துருவான்'.

முடிவைக் காட்டுவது மட்டும் இதன் பயன் அன்று. 'பானை உடைந்துவிட்டது' என்னும்போது எதிர்பாராத இழப்பு தொனிக்கிறது. 'போய்விட்டார்' என்பது இடத்துக்கேற்ப இறப்பைக் குறிக்கும் மங்கல வழக்கு. எதிர்மறை ஏவலில்தான் இதன் நுட்பம் முழுதாகத் தெரியும். வரப்பில் நடக்கும் குழந்தையிடம் தாய் 'விழாதே' என்பதைவிட, 'விழுந்துடாத' என்றே சொல்வாள். தன்னை அறியாமல் நேரக்கூடியதைத் தடுக்கும் பரிவு அதில் உண்டு. இலக்கண நூல்கள் இந்தப் பரிவுக்கு இன்னும் கூடுதல் இடம் தர வேண்டும்.

'போகவிடு', 'படிக்கவிடு' என்பவை வேறு வகை. அங்கே 'செய' என்னும் எச்சத்தை அடுத்து வருவதால் அனுமதிப்பொருள் கிடைக்கிறது.

1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இத்தகைய துணைவினைப் பொருள்களை முதன்மை வினையிலிருந்து பிரித்து, எடுத்துக்காட்டுகளோடு தருகிறது.