'கோ' என்னும் சொல்லும் கோயில் வாயிலும்

அரசனைக் குறிக்கத் தமிழில் வேந்தன், மன்னன், கொற்றவன், இறைவன் எனப் பல சொற்கள் உள. அவற்றுள் ஓரெழுத்தால் ஆகியது 'கோ'. இச்சிறு சொல்லின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும் எனக் கருதுகிறோம். அது நம் முன்னோர் வெளியே நிறுத்தப்பட்ட வாயிலின் வரலாறுமாகும்.

கரூரை அடுத்த புகலூர் மலைக் குகையில், சமணத் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி பழந்தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. அதில் சேரர் மூவர் பெயர்கள் வருகின்றன: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. பெயரின் முன்னும் பின்னும் 'கோ' நின்று அரச நிலையை உணர்த்துகிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் 'கோப்பரகேசரி', 'கோவிராசகேசரி' என அதுவே முன்னிற்கிறது.

கோ வாழும் இல் கோயில், அஃதாவது அரண்மனை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி சென்று நின்ற கோயில் பாண்டியனின் அரண்மனையே. வாயிற்காவலன் அறிவித்தான், மன்னன் அழைத்தான், அவள் உள்ளே சென்று நீதி கேட்டாள். முறையிட வந்தோர்க்கு வாயில் திறப்பது கோவின் கடமை என்பதை அக்காப்பியம் காட்டுகிறது.

காலப்போக்கில் அரசனுக்குரிய சொற்கள் ஆண்டவனுக்கும் ஆயின. 'இறைவன்' என்பதும் அவ்வாறே. கோயில் கடவுளின் இல்லமாயிற்று. சைவர்கள் 'கோயில்' என்றே தில்லையைச் சுட்டினர். ஆனால் அத்தில்லையின் எல்லையில் நந்தனார் நின்றபோது வாயில் எளிதில் திறக்கவில்லை. தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அவர் உள்ளே சென்றார் என்று 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம் கூறுகிறது. அதற்கு முன்பே, இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களின் கணக்கில், வரி நீக்கிய இடங்களாகப் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் எழுதப்பட்டுள்ளன. கோவின் பெயர் பொறித்த அதே கோயிற் கல்லில் நம் சேரியின் பெயரும் உள்ளது.

1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துச் செல்ல, ஒடுக்கப்பட்ட மக்களுள் சிலர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தனர். 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் திறந்த வாயிலைச் சில ஊர்களில் இன்னும் அடைக்க முயல்வோர் உளர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

கல்லில் எழுதப்பட்டதை நம் முன்னோர் படிக்க இயலவில்லை. அது கூறும் பொருளைப் பிறர் வாய்வழியே கேட்டனர். இன்று நம் பிள்ளைகள் எழுத்தறிந்தோர். அவர்கள் கல்வெட்டுகளைத் தாமே படித்து, நம் வரலாற்றைத் தாமே எழுதுதல் வேண்டும் என்பதே நம் அவா.